கைமருந்தும் கைக்குழந்தையும்

ஊரில் ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் செய்யும் நாட்களில் ஒக்லாந்தில் குளிர்காலம் உச்சத்தில் நிற்கிறது. சோளகக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழகிய உடம்பு இந்த ஈரக் குளிரை இலகுவில் ஏற்றுக்கொள்வதில்லை. தடிமன், இருமல், தொண்டை நோ, மூக்கடைப்பு என்று வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று வந்து போகும். அவ்வேளையில் மருந்துக் கடைக்குப் போகுமுன் அடுப்படிக்குப் போவது தமிழ்த் தாய்மாரின் வழக்கம். மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, நற்சீரகம், ஓமம், உள்ளி, மஞ்சள் ஆகியவை சமையலுக்கு மாத்திரமன்றி மருந்துக்கும் உரிய சரக்குகள். இவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யும் மருந்தைத்தான் பெரியோர் கைமருந்து என்றனர்.

இந்தக் கைமருந்துகளுள் எதைக் கைக்கொள்வது, எதைக் கைவிடுவது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்ற கேள்வி புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் எழுகிறது. பென்ரோஸில் ஒரு குடும்பத்தில் அது எழுந்த விதமும் தீர்ந்த விதமும் ஏனையோருக்கும் பயன்படக் கூடியவை.

பென்ரோஸ் என்றதும் ஒக்லாந்து வாசிகளுக்குத் தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் பாரவண்டிகளுமே நினைவுக்கு வரும். கிரேட் சவுத் வீதியும் தெற்கு நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று நெருங்கி ஓடும் இடம் அது. அதன் ஓரத்தில் உள்ள பழைய மரவீடு ஒன்றில் அந்தக் குடும்பம் வாழ்கிறது. கணவர் பண்டகசாலையில் இரவு வேலை செய்பவர். மனைவி முதற் பிள்ளையைப் பெற்று ஐந்து மாதமாகிறது. பேரப் பிள்ளையைப் பார்க்கப் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து அம்மம்மா வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் பத்தியக் கறி ஆக்கிக் கொடுக்கவும், பிள்ளைகளுக்கு மருந்து உரைத்துப் போடவும் அயலவர் அவரைத்தான் அழைப்பார்கள். விமான நிலையத்தில் தம் பெட்டியில் உள்ள சரக்குகள் அனைத்தையும் ஒளிக்காமல் எழுதிக் காட்டி, அதிகாரிகள் அனுமதித்தவற்றைக் கொண்டுவந்தார். விதையோ வேரோ தேனோ பெட்டியில் இருந்தும் அறிவிக்காமல் விட்டால் 400 டொலர் தண்டம் இறுக்க நேரும் என்பதை மகள் முன்னரே சொல்லிவைத்திருந்தாள்.

அம்மம்மா வந்த பிறகு வீட்டின் மணமே மாறியது. காலையில் மல்லித் தண்ணீர், மதியம் உள்ளியும் மிளகும் தட்டிப்போட்ட ரசம், இரவில் மஞ்சள் கலந்த பால் என்று மகளும் மருமகனும் தேறினார்கள். இந்நிலையில் குழந்தைக்குத் தடிமன் பிடித்தது. மூக்கு அடைத்தது, இருமல் தொடங்கியது. அம்மம்மா துளசிச் சாற்றில் நாலு துளி தேன் குழைத்துக் கொண்டு வந்தார். தேன் இந்நாட்டுக்குப் பேர்பெற்ற மானுகாத் தேன். மகள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

“அம்மா, கோவிக்காதையுங்கோ. ஒரு வயது முடியுமட்டும் தேன் குடுக்க வேண்டாம் எண்டு தாதி சொன்னவ.”

“உனக்கும் உன்ர அண்ணனுக்கும் நான் தேன் குடுத்துத்தான் வளர்த்தனான், பிள்ளை. உங்களுக்கு என்ன நடந்தது?”

மகளிடம் அதற்கு மறுமொழி இல்லை. ஆனாலும் அவள் கரண்டியை விடவில்லை. அம்மம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. வயிற்றுக் கோளாறு என்று சொல்லிப் படுத்துவிட்டார். அவருடைய நோவுக்குக் காரணம் தேன் மட்டுமன்று. அறுபது ஆண்டாகக் கண்டும் கேட்டும் கைபார்த்தும் அறிந்த அறிவு, பெற்ற மகள் வீட்டிலேயே செல்லாக்காசாகிவிட்டதே என்ற எண்ணம் அவரை வாட்டியது. மகளுக்கோ தாயைப் புண்படுத்திய வேதனை ஒரு பக்கம், பிள்ளையைப் பற்றிய பயம் மறுபக்கம். இவ்வாறான மௌனம் குடியிருக்கும் வீடுகள் இந்த நகரத்தில் பல உண்டு.

மறுநாள் முறைப்படி வீட்டுக்கு வந்த பிளங்கெட் தாதி நிலைமையைப் புரிந்துகொண்டார். 1907இல் டனீடினில் தொடங்கப்பட்ட பிளங்கெட் அமைப்பின் தாதியர் இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைக்குழந்தைகளை வீடு தேடிச் சென்று பார்த்து வருகிறார்கள். அவர் மகளோடு பேசுவதை விட்டு அம்மம்மாவின் பக்கத்தில் அமர்ந்தார். சரக்குப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது என்ன, எதற்குக் கொடுப்பீர்கள், எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். ஒரு மணி நேரம் கேட்ட பின்னரே தேனைப் பற்றிச் சொன்னார்.

தேனில் குளொஸ்ட்ரீடியம் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் சில வேளை இருக்கும். வளர்ந்தவர் வயிற்றில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கக் கூடும். அந்த நஞ்சு நரம்புகளைத் தளர்த்தும். குழந்தையின் அழுகை மெலியும், பால் உறிஞ்சும் பலம் குறையும், மலம் கட்டும், இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் சோர்ந்துபோகும். வீட்டு அடுப்பில் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. தேன் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் சுத்தமானதாக இருந்தாலும் இதில் வேறுபாடு கிடையாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

“அப்ப எங்கட ஊரில ஒரு பிள்ளைக்கும் வரேல்லையே?” என்று அம்மம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இந்நோய் மிக அரிதாகவே வரும். ஒரு கிராமத்தில் ஒரு தாயின் ஆயுட்காலத்தில் அது ஒருமுறைகூட வராமல் போகலாம். வந்திருந்தாலும் அது தேனால் வந்தது என்று அக்காலத்தில் ஊரில் எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த நோய் தனியொரு நோயென்று கலிபோர்னியாவில் இனங்காணப்பட்டதே 1976இல்தான். ஆகவே அம்மம்மா தம் பிள்ளைகளுக்குத் தேன் கொடுத்தது தவறன்று. அன்றைக்கு ஊரில் தெரியாத ஒன்று இன்று தெரிந்திருக்கிறது, அவ்வளவே. இதைக் கேட்ட பிறகுதான் அம்மம்மாவின் முகம் தெளிந்தது.

அதற்கடுத்த இரவு அந்த வீட்டுக்குச் சோதனை வந்தது. மருமகன் வேலைக்குப் போயிருந்தார். குழந்தை இரண்டு முறை பால் குடிக்க மறுத்தது. அணையாடை வழக்கம்போல் நனையவில்லை. இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது, விடிந்ததும் மருத்துவரிடம் போகலாம் என்று மகள் எண்ணினாள். அம்மம்மா குழந்தையின் சட்டையை உயர்த்தி, விளக்கைப் போட்டு, நெஞ்சைப் பார்த்தபடி சற்று நேரம் அசையாமல் இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் கீழே குழி விழுந்தது.

“நெஞ்சு உள்ளுக்கு இழுக்குது, பிள்ளை. இதுக்குக் கைமருந்து இல்லை. இப்பவே கொண்டுபோவம்.”

மகள் 111க்கு அழைத்தாள். அம்புலன்ஸ் வந்தது. நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபட்டிருப்பதாக மருத்துவர்கள் கூறினார்கள். குளிர்காலத்தில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெரிதும் பீடிக்கும் வைரசு நோய் அது. அதற்குக் கைமருந்தும் இல்லை, அன்டிபயோட்டிக் மருந்தும் பயன்படாது. மூச்சுக்கு ஒட்சிசனும் உடம்புக்கு நீராகாரமும் கொடுத்துத் தாங்கிக்கொள்வதே சிகிச்சை. மூன்றாம் நாள் குழந்தை பால் குடித்தது. நான்காம் நாள் வீடு திரும்பியது. அன்றிரவு காத்திருக்காமல் வந்தது நல்லதாயிற்று என்று அங்குள்ளவர்கள் சொன்னதை மகள் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தேனைப் பற்றிய புதிய அறிவு மகளிடம் இருந்தது. நெஞ்சு குழிவிழுவதைக் காணும் பழைய கண் தாயிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்ததாலேயே அந்த வீடு பிழைத்தது. கைமருந்தை உண்மையாக அறிந்தவருக்கு அதன் எல்லையும் தெரியும். எல்லை தெரியாமல் சரக்கு மட்டும் தெரிந்தவரிடமே ஆபத்து இருக்கிறது.

தாயும் மகளும் பின்னர் சரக்குப் போத்தல்கள் அனைத்தையும் மேசையில் பரப்பி மூன்றாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு எல்லா வீடுகளுக்கும் உதவும்.

முதலாவது, யாவருக்கும் பொதுவாக உணவைப் போல் பயன்படுபவை. மல்லித் தண்ணீர் இவற்றுள் தலையானது. இரண்டு மேசைக்கரண்டி மல்லியை இளம் சூட்டில் வறுத்து, விரல் நுனி அளவு வேர்க்கொம்பைத் தட்டிப்போட்டு, நாலு கோப்பை தண்ணீர் விட்டு, இரண்டு கோப்பையாக வற்றும்வரை அவிக்க வேண்டும். வடித்து, கொஞ்சம் பனங்கட்டியோ சீனியோ சேர்த்து இளஞ்சூடாகக் குடிக்கலாம். வளர்ந்தவர் ஐந்தாறு மிளகும் சேர்த்துக்கொள்வர். இது தடிமனை உண்டாக்கிய கிருமியைக் கொல்லும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம் தரும், நீர் வற்றாமல் காக்கும், நோயாளி இளைப்பாறவும் உதவும். தடிமனுக்கு உயர்ந்த வைத்தியர்களும் இதற்குமேல் அதிகம் செய்வதில்லை.

தொண்டை நோவுக்கு ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்துத் துப்பலாம். விழுங்காமல் கொப்பளிக்கத் தெரிந்த வயதினருக்கே இது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவில் இருமல் வந்தால் அரை அல்லது ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமும் 2018இல் இருமலுக்குத் தேனைப் பரிந்துரைத்தது. வயிற்று உப்புசத்துக்கு வளர்ந்தவர் ஒரு தேக்கரண்டி ஓமத்தை இரண்டு கோப்பைத் தண்ணீரில் அவித்துக் குடிக்கலாம். வாந்தி வருமாப்போல் இருந்தால் இஞ்சித் துண்டைத் தேநீரில் போடலாம்.

வயிற்றோட்டத்துக்கு உகந்த கைமருந்து உப்பும் சீனியும் கலந்த தண்ணீராகும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. அளவு தவறக் கூடாது, முக்கியமாக உப்புக் கூடக் கூடாது. குழந்தைகளுக்கு மருந்துக் கடையில் அளவாகக் கட்டிய பொட்டலத்தை வாங்குவது மேல். 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் இத்தகைய கரைசலை வாயால் கொடுத்துப் பெருந்தொகையான உயிர்களைக் காத்தார். 2022இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. உப்பிட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் இவ்வாறே உதவுமென்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஊரில் வயிற்றோட்டக்காரருக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்த ஆச்சிமார் அறியாமல் செய்தவர்கள் அல்லர்.

இரண்டாவது, வளர்ந்தவர்களுக்கு மாத்திரம், அதுவும் யோசித்துக் கொடுக்க வேண்டியவை. மஞ்சள் கறியில் சேரும் அளவில் யாருக்கும் தீங்கில்லை. மஞ்சட் சத்தைச் செறித்துச் செய்த மாத்திரைகள் வேறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் அத்தகைய மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பதில் ஆபத்துண்டு என்று நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு நிறுவனமான மெட்சேஃப் 2018இல் எச்சரித்தது. அதிமதுரத்தைத் தொடர்ந்து அருந்தினால் இரத்த அழுத்தம் கூடும், உடம்பில் பொட்டாசியம் குறையும். வெந்தயமும் பாகற்காயும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையன. நீரிழிவு மாத்திரையோடு அவற்றை மருந்தளவில் சேர்ப்பவர் மயங்கி விழக் கூடும். நிலவேம்புக் குடிநீர் தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் காலத்தில் அரசினாலேயே விநியோகிக்கப்பட்டது. அதே நிலவேம்பு சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதாக அவுஸ்திரேலிய அரசு 2015இல் எச்சரித்ததையும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது வீட்டில் குடிப்பவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிரிப்பார்களோ என்று பல பெரியவர்கள் சொல்வதில்லை. சொல்லாததே தீங்காகும்.

கடையிலும் பயணப் பெட்டியிலும் வரும் பஸ்பம், செந்தூரம், பெயர் தெரியாத குளிசைகள் ஆகியவை கைமருந்தில் அடங்கா. 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ காணப்பட்டது. ஐந்தில் ஒன்று. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் இவற்றைத் தொடவே கூடாது.

மூன்றாவது, குழந்தைகளுக்கு ஆகாதவை. தேனைப் பற்றி மேலே சொல்லப்பட்டது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பை இரவில் பெயர் சொல்லியும் அழைக்காத அளவுக்கு முன்னோர் மதித்தனர். அதைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவது வழக்கம். ஆனால் வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இல் தடை செய்தது. அம்மம்மா தம் வசம்புத் துண்டை எறியவில்லை. துணி வைக்கும் அலுமாரியில் பூச்சி வராமல் இருக்க வைத்துவிட்டார்.

வேப்பெண்ணெயின் கதை இன்னும் துயரமானது. மலேசியாவில் இந்தியக் குடும்பங்களில் சிறு நோய்களுக்கு வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியெடுத்து, வலிப்புக் கண்டு, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்குள்ள மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் அதை எழுதி உலகுக்கு அறிவித்தனர். புகட்டிய தாய்மார் அன்பினாலேயே புகட்டினார்கள். அன்பு அளவை மாற்றிவிடாது.

கற்பூரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பூசை அறையில் கற்பூரம் இல்லாத வீடு இல்லை. கட்டி வெள்ளையாய் இனிப்புப் போலத் தோன்றும். சிறு துண்டை விழுங்கினாலும் சில நிமிடங்களில் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் பூசுவதும் கூடாது. கற்பூரப் பெட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது பூசைக்குக் குறைவாகாது. எதையாவது பிள்ளை விழுங்கிவிட்டால் டனீடினில் உள்ள தேசிய நஞ்சு மையத்தை 0800 764 766 என்ற இலக்கத்தில் எந்நேரமும் கேட்கலாம்.

வேது பிடித்தலும் பிள்ளைகளுக்கு ஆகாது. போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்தால் மடியும் தொடையும் வெந்துபோகும். பென்ரோஸுக்குத் தெற்கே ஒட்டாஹுஹுவில் உள்ள மிடில்மோர் வைத்தியசாலையிலேயே நாட்டின் தேசியத் தீக்காய சிகிச்சை மையம் இயங்குகிறது. அங்கு போக நேராதிருப்பதே நலம்.

ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ அன்றி வேறெதுவும் வேண்டாம். சீரகத் தண்ணீரும் வேண்டாம். அப்படியானால் அம்மம்மாமாருக்கு வேலை இல்லையா என்றால், நிறைய உண்டு. தாய்க்குப் பத்தியக் கறி ஆக்கிக் கொடுப்பதும், அவளைத் தூங்க விட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவதும் அந்த வயதுக்கு உரிய கைமருந்துகளே.

குழந்தை வேகமாக மூச்செறிந்தால், நெஞ்சு குழிவிழுந்தால், உதடு நீலம் பாரித்தால், வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகப் பால் குடித்தால், எழுப்ப எழுப்பச் சோர்ந்து தூங்கினால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாமதிக்கலாகாது. மூச்சு முட்டினால் 111. சந்தேகம் என்றால் 0800 611 116 என்ற ஹெல்த்லைன் இலக்கத்தில் இரவும் பகலும் தாதியர் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். தொண்டை நோவோடு காய்ச்சலும் உள்ள பிள்ளையை உப்புத் தண்ணீரோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டவும் வேண்டும். ஸ்ட்ரெப் கிருமியால் வரும் தொண்டை நோ கவனிக்கப்படாவிட்டால் வாதக் காய்ச்சலாகி இதயத்தைப் பாதிக்கக் கூடும். தெற்கு ஒக்லாந்தில் மாவோரி, பசிபிக் தீவுக் குடும்பங்கள் இதனால் பெரிதும் வருந்தியிருக்கின்றன.

மாவோரி மக்களைச் சொன்னால் அவர்களின் மூலிகையையும் சொல்ல வேண்டும். குழந்தை வீடு திரும்பிய பின் பக்கத்து வீட்டு மாவோரி மூதாட்டி கவகவா இலைகள் சிலவற்றைத் தாய்க்குத் தேநீர் போடக் கொண்டுவந்தார். இதய வடிவம், இலை முழுவதும் ஒருவகைப் புழு அரித்த துளைகள். துளையுள்ள இலையையே அவர்கள் தேர்ந்து பறிப்பார்கள். அம்மம்மா இலையைக் கசக்கி மணந்து, “இது எங்கட வெத்திலையின்ர இனம்” என்றார். அவர் தாவர நூல் படித்தவர் அல்லர். எனினும் சொன்னது சரி. கவகவாவும் வெற்றிலையும் மிளகும் திப்பிலியும் பைப்பர் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பறிக்குமுன் மாவோரி மக்கள் செபம் சொல்வார்கள். சித்த வைத்தியரும் மூலிகை பறிக்குமுன் சாப நிவர்த்தி செய்வர். செடியைக் கேட்காமல் எடுக்கலாகாது என்ற எண்ணம் இரு மக்களிடமும் இருந்தது.

மாவோரி வைத்தியர்களை ஒடுக்க 1907இல் இந்நாட்டில் ஒரு சட்டமே கொண்டுவரப்பட்டது. அது 1962இல்தான் நீக்கப்பட்டது. இவ்வளவு காலம் ஒடுக்கப்பட்டும் அவர்கள் தம் ரொங்கோவா வைத்தியத்தைக் காத்துவந்தனர். ஆகவே கவகவாவைக் கண்ட இடத்தில் பறிக்காமல், அறிந்தவரிடம் கேட்டுப் பெறுவதே மரியாதை. அறியாத செடியைப் பறிப்பதில் ஆபத்தும் உண்டு. இந்நாட்டுப் புதர்களில் வளரும் தூத்து என்னும் செடி கொடிய நஞ்சுடையது.

அறிவைக் காப்பது எழுத்தினால் ஆகும் என்பதற்கு மஞ்சளே சாட்சி. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. பாட்டிமார் யாவரும் அறிந்த ஒன்றுக்கு எவரோ உரிமையாளரானார். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. பாட்டிக்குத் தெரியும் என்ற வாதம் மட்டும் அங்கே போதவில்லை. பழைய நூல்களும் 1953இல் வெளிவந்த மருத்துவ இதழ்க் கட்டுரை ஒன்றும் எழுத்துச் சான்றாக வைக்கப்பட்டன. 1997இல் காப்புரிமை ரத்தாயிற்று. அதன் பின்னர் 2001இல் இந்தியா மரபறிவு நூலகம் ஒன்றைத் தொடங்கி ஆயுர்வேத, சித்த, யுனானி முறைகளைப் பதிந்துவைக்கத் தொடங்கியது.

பென்ரோஸ் வீட்டிலும் அத்தகைய நூலகம் ஒன்று சிறிய அளவில் உருவாகியது. மகள் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வாங்கினாள். அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். ‘ஒரு கை மல்லி’ என்று சொன்னதைக் கரண்டியால் அளந்து எழுதினாள். ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் எந்த வயதுக்கு மேல் என்றும், எத்தனை நாள் வரை என்றும், எந்த அறிகுறி கண்டால் நிறுத்தி மருத்துவரிடம் போவது என்றும் மூன்று வரிகள் சேர்த்தாள். அந்த மூன்று வரிகளையும் சேர்க்கச் சொன்னவர் அம்மம்மாவே. கொப்பியின் முதற் பக்கத்தில் அவர் எழுதுவித்தது மருந்து அன்று. குழந்தையின் நெஞ்சைச் சட்டை கழற்றி வெளிச்சத்தில் பார்க்கும் விதத்தையே முதலில் எழுதுவித்தார்.

ஆறு மாதம் முடிந்து அம்மம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். கொப்பி அடுப்படித் தட்டில் இருக்கிறது. வீட்டில் மூத்தவர்கள் உள்ள ஒவ்வொரு குடும்பமும் இந்தக் குளிர்காலத்தில் இப்படி ஒரு கொப்பியைத் தொடங்கலாம். கேட்பவர் பணிவோடு கேட்க வேண்டும். சொல்பவர் புதிய அறிவையும் ஏற்கும் மனத்தோடு சொல்ல வேண்டும். ஒரு பேனாவும், ஒரு கோப்பை மல்லித் தண்ணீரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் அதற்குப் போதும்.